மணலுக்கடியில் என் வலது கை

என் வலது கையை எங்கள் ஊரான கள்ளிமுனையில் புதைத்தபோது அது செத்துப்போயிருக்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு கோழி. என் மைத்துனன் தொபியாஸ் வளர்த்த கோழி அது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடக்கிற மணலில், புன்னை மரத்துக்குக் கீழே அது காலால் சீய்த்தபோது, கோயிலுக்குப் பக்கத்தில் வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, இல்லாத கையின் இல்லாத சுண்டுவிரலில், நகத்துக்கடியில் யாரோ ஊசியை விட்டுக் கிளறுவதுபோல இருந்தது. எழுந்து வீட்டுக்கு நடந்துபோய்க் கோழியை விரட்டினேன், கிளறல் நின்றது. கோழி திரும்பி வந்தது, கிளறலும் திரும்பி வந்தது. என் மனைவி ரெஜினாள் அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ கை இங்கனதான் இருக்கு" என்று சொல்லி, மீன் அரியப் போய்விட்டாள். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கடலோடு போனான் என்று பூசை வைத்துக் கறுப்புத் துணி கட்டி அழுது முடித்த ஆள், அடுத்த வருடம் இலங்கைச் சிறையிலிருந்து தாடியோடு வந்து இறங்கி, இடுப்பில் கட்ட என் சாரம் எங்கே என்று கேட்டதைப் பார்த்த ஊர் அது. ஒரு கை சாகாமல் இருப்பதற்கெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்க மாட்டார்கள்.

கை போன விதத்தை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர் சொல்வது வேறு.

ஐஸ் கம்பெனியில் எனக்கு வேலை. ஐஸ் பாரை உடைக்கிற மிஷினுக்குள் பார் பாராகத் தள்ளிவிடுகிறவன் நான், சுவிட்சுப் பக்கம் நிற்கிறவன் தொபியாஸ், அந்த வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தவனும் நான்தான். அன்றைக்குக் கரண்டு போய் மிஷின் பாதியில் நின்றுவிட்டது. பல்லுக்கு இடையில் ஒரு ஐஸ் துண்டு குறுக்கே சிக்கியிருந்தது. "மாப்ள, சுவிட்ச அமத்திட்டியா?" என்று கேட்டேன். "அமத்திட்டேன் அத்தான்" என்றான். கையை உள்ளே விட்டுத் துண்டைப் பிடித்து விரல்களை இறுக்கினேன். டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் மிஷின் ஓடியது. முதலில் டக், பிறகு ஓட்டம். கரண்டு தானாக வந்தால் டக் என்று கேட்காது. மேலே விளக்கு எரிந்ததைப் பார்த்து, யாரிடமோ பேசிக்கொண்டே, வழக்கம்போலக் கையை நீட்டித் தட்டிவிட்டிருக்கிறான். வேண்டுமென்று செய்தான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டது ஒரே ஒரு வரி. சுவிட்சைப் போட்டது நான்தான் அத்தான் என்று அவன் சொல்ல வேண்டும். போலீசிடம் அவன் சொல்லவில்லை, கம்பெனியில் சொல்லவில்லை, அதற்குக்கூட ஒரு நியாயம் இருக்கிறது, வேலை போய்விடும், பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னிடம் சொல்வதற்கு என்ன? நான் என்ன வேலையை விட்டு நீக்கப்போகிறேனா? "கரண்டு தானா வந்துட்டு" என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னான், கோயில் வாசலில் சொன்னான், என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னான். ரெஜினாளும் அதையே நம்பினாள். தம்பி அல்லவா.

முழங்கைக்குக் கீழே அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததை என்ன செய்ய என்று நர்சு கேட்டபோது, ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடம்பில் ஒரு துண்டைக் குப்பையில் போட எங்கள் ஆட்களுக்கு மனம் வரவில்லை. மீன் கொண்டுபோகிற தெர்மோகோல் பெட்டியில் வைத்துத் தொபியாஸ்தான் ஊருக்குக் கொண்டுவந்தான். கல்லறைத் தோட்டத்துச் சாவி கோயில்பிள்ளை யாகப்பனிடம் இருந்தது. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி கொளுத்துவது, குழிக்கு இடம் காட்டுவது எல்லாம் அவர் வேலை. அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டு, "ஆளு உசுரோட இருக்கையில குழி வெட்டப்பிடாதுடே. வெட்டுன குழி மிச்ச ஆளையும் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவன் புன்னை மரத்தடிக்குக் கொண்டுபோனான். அங்கே எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தான். புதைப்பது மட்கிப் போவதற்கு என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கைவந்ததெல்லாம் கெடாமல் வைப்பது. அவன் குழிக்குள் ஒரு அடுக்கு ஐஸ் போட்டு, உப்பைத் தூவி, அதன்மேல் கையை வைத்து, மேலே இன்னொரு அடுக்கு ஐஸ் போட்டு, மறுபடி உப்பைத் தூவி, நல்ல சீலாமீனை வெளிநாட்டுக்கு அடுக்குகிற பக்குவத்தில் அடுக்கி மணலை மூடினான். விரல்களை விரித்துவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ஐஸ் துண்டைப் பிடித்தபடி மூடிய கை, மூடியது மூடியபடியே மண்ணுக்குள் போனது.

அந்த மூடின கைதான் என்னைக் கொன்றது. இல்லாத விரல்கள் இல்லாத உள்ளங்கையை இறுக்கின, இல்லாத நகங்கள் சதையில் இறங்கின, விரியென்று சொன்னால் விரியவில்லை. வேலைக்குப் போகிறவன் வேலைக்குப் போகும்போதும், வள்ளம் கரைக்கு வரும்போதும், பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போதும் நான் ஒரு கையை மூடிக்கொண்டே நின்றேன். அது யாருக்கும் தெரியவில்லை, சட்டைக் கைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கோழிக்குப் பிறகு கை வளர ஆரம்பித்தது. எதிர்வீட்டில் கக்கூசுக்குக் குழி எடுத்தவர்கள், மணலுக்குள் வெள்ளையாக, மீன்வலைக்குப் போடுகிற தங்கூசி நூலைப்போல மெல்லிசாக ஒன்று ஓடுவதைப் பார்த்து இழுத்தார்கள். நான் வலைக்கூடத்தில் சுருண்டு விழுந்தேன். பிறகு பார்த்தால் அது தெருவெல்லாம் ஓடியிருந்தது. புன்னை மரத்தடியிலிருந்து தடிமனாகக் கிளம்பி, வீட்டுக்கு வீடு கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, கோயில் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு, வலைக்கூடத்துக்குக் கீழே நுழைந்து, கடைசியில் அலை வந்து திரும்புகிற ஈரமணல்வரை போய், அங்கே தண்ணீரின் குளிரில் நுனியை வைத்துக்கொண்டு கிடந்தது. யார் எங்கே மிதித்தாலும் எனக்குத் தெரிந்தது. செருப்பும் வெறுங்காலும் தெரிந்தது, குடித்தவன் காலும் கர்ப்பிணி காலும் தெரிந்தது.

ரெஜினாள் என்னை டவுனுக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயதுப் பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மண்ணுக்குள்ள வளந்திருக்கா, சரி. வலி எந்த நேரத்துல ஜாஸ்தி?" என்றுதான் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

என் முதுகில் விரலை வைத்து, கழுத்திலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். "தலைக்குள்ள இருக்கிற மூளையிலருந்து முதுகெலும்புக்குள்ள ஒரு தடிமனான வடம் இறங்குது. அதுலருந்துதான் உடம்பு பூரா நரம்பு பிரியுது. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ரெண்டு வேலை. ஒரு சாதி நரம்பு சேதியை மேல கொண்டுபோகும். சுடுது, குத்துது, குளிருதுன்னு. இன்னொரு சாதி உத்தரவைக் கீழ கொண்டுவரும். மூடு, திற, தூக்குன்னு. உங்களுக்கு மேல போற வழி திறந்திருக்கு. கீழ வர்ற வழி இல்ல."

"அப்போ ஏன் டாக்டர் கை மூடியே இருக்கு?"

"மூளை கடைசியாப் போட்ட உத்தரவு மூடுங்கிறது. மூடியாச்சு, இப்போ விடலாம்னு கையிலருந்து பதில் சேதி வரணும். வரல. அதனால மூளை அதே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுது. பதில் வர்றவரைக்கும் போடும்."

பதில் வருகிறவரைக்கும் போடும். படிக்காத என் மண்டையில் அது சட்டென்று ஏறிவிட்டது. என் கை எதற்காக மூடியிருக்கிறது, யாருடைய வாயிலிருந்து வருகிற பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத்தான் தெரியாது.

பிறகு ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் முன்னால் எகிறியது. "இதை நீங்க செய்யல" என்றார். "தட்டுன சேதி முதுகெலும்பு வரைக்கும்தான் போச்சு. அங்கயே உத்தரவாகித் திரும்பிடுச்சு. அவசரத்துக்கு மூளையக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாதுல்ல. நெருப்புல கை பட்டா கை முதல்ல வந்துடும், வலி அப்புறம்தான் தெரியும்."

"பங்குச் சாமியாரக் கேக்காம கோயில்பிள்ளையே மணி அடிச்சிட்ட கணக்கா" என்றாள் ரெஜினாள்.

"அதேதான்மா" என்று டாக்டர் சிரித்தார். வைத்தியம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைத் தின்றால் தூக்கம் வந்தது, கை தூங்கவில்லை.

ஊர் இந்தக் கைக்குப் பழகிக்கொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. முதலில் பெண்கள் வடித்த கஞ்சியை மண்ணில் ஊற்றாமல் ஓரமாகக் கல்லில் ஊற்றினார்கள், "இஞ்ஞாசி அண்ணனுக்குச் சுடும்" என்று. ஊர்க்கமிட்டி கூடி, நான் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில் யாரும் கம்பு நடக் கூடாது என்று முடிவு செய்தது. மாதா திருநாளில் சப்பரத்தைத் தூக்குகிறவர்கள் என்னிடம் வந்து எந்தப் பக்கம் நரம்பு தடிமனாக ஓடுகிறது என்று கேட்டு, பாதையை மாற்றிக்கொண்டார்கள். இதெல்லாம் மரியாதை என்று நான் நினைத்தேன். மரியாதை இல்லை, பழக்கம். பழகியவுடன் என்னை என்னென்னவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

வள்ளக்காரர்கள் விடிவதற்குமுன் வந்து, "ஓய், தண்ணி எந்தப் பக்கம் இழுக்கு? கச்சானா கொண்டலா, சொல்லும்" என்பார்கள். மேற்கேயிருந்தா கிழக்கேயிருந்தா என்பது ஈரமணலில் கிடக்கிற நுனியில் எனக்குத் தெரியும், சொல்வேன். மீன் பட்டால் நான் சொன்னது அவர்களுடைய அதிர்ஷ்டம், படாவிட்டால் என் கையின் கோளாறு. ஆடு காணாமல் போனால் எந்தப் பக்கம் போனது என்று கேட்டார்கள். மகன் எந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறான் என்று தகப்பன்மார் கேட்டார்கள், மகன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து, அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று பீடி வாங்கிக்கொடுத்தார்கள். நான் யாரிடமும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்த ஒருவன் தெருவில் இருக்கிறான் என்பதை எந்த ஊரும் மன்னிப்பதில்லை. மெதுவாக அவர்களுடைய நடை மாறியது. என் வீட்டைக் கடக்கும்போது சிலர் வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி மிதித்துப் போனார்கள். சிறுபிள்ளைகள் மணலில் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டு ஓடினார்கள். அதுகளையாவது நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

சவரம் செய்ய உட்கார்ந்தாலும் நிம்மதி இல்லை. வலது கன்னத்தில் கத்தி இறங்கினால் இல்லாத கட்டைவிரலில் இறங்கியது. மூளைக்குள் முகத்துக்கும் கைக்கும் பக்கத்துப் பக்கத்து மனையாம், கைமனை காலியாகக் கிடந்தால் முகம் வேலியைத் தாண்டி வந்துவிடுமாம், டாக்டர் சொன்னார். மண்டைக்குள்ளேயும் பக்கத்து வீட்டுக்காரன் அப்படித்தான் போலிருக்கிறது.

என் பக்கத்து வீட்டுக்காரன் தொபியாஸ் இதற்குள் பெரிய ஆளாகிவிட்டான். வெளியூரிலிருந்து என்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அவர்களை உட்காரவைத்துக் கதை சொல்வது அவன். ஊருக்காகப் பேசத் தெரிந்தவன் என்று கமிட்டியிலும் சேர்த்துக்கொண்டார்கள். "அத்தான் கைய உள்ள விட்டாவ, பாருங்க, கரண்டு சொல்லாமக் கொள்ளாம வந்துட்டு" என்று கையை விரித்துக் காட்டுவான், அவனுக்குத்தான் இரண்டு கை இருக்கிறதே. கேட்கிறவர்கள் ச்சூ என்பார்கள். மணலுக்குள் என் கை இன்னும் இறுக மூடும். நான் ஒருமுறை எல்லோர் முன்னாலும், "டக்குனு சத்தம் கேட்டுச்சே மாப்ள, அது என்ன?" என்று கேட்டேன். அவன் சிரித்தபடி, "ஐஸ் உடையுத சத்தம் அத்தான்" என்றான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மிஷின் ஓடுவதற்கு முன்னால் ஐஸ் எப்படி உடையும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் அவனைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. தினமும் காலையில் அவன் பல் விளக்கிவிட்டுப் புன்னை மரத்தடிக்கு வந்து, சரியாகக் கை இருக்கிற இடத்தில் நிற்பான். செருப்போடுதான் நிற்பான். பேச மாட்டான். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு எடை மாறும், பிறகு போய்விடுவான். மனிதனிடம் சொல்லாவிட்டாலும் மண்ணிடமாவது சொல்வான் என்று ஒவ்வொரு காலையும் நான் கட்டிலில் கிடந்தபடி மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். சொன்னதில்லை.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கரித்தது, பெண்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். தொபியாஸ் எங்கள் நடுமணலில் உறைகிணறு இறக்கப்போகிறேன் என்று வந்து நின்றான்.

"கை இருக்க இடத்த விட்டுத் தள்ளித்தான் அத்தான். ரெண்டு வீட்டுக்கும் ஆவும். அக்கா குடத்தத் தூக்கிட்டு அலையவேண்டாம்."

"தோண்டு" என்றேன். "சொல்லிட்டுத் தோண்டு."

"என்னத்தச் சொல்ல?"

"உனக்குத் தெரியும்."

அவன் ரெஜினாளைப் பார்த்தான். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் அதயே பிடிச்சுத் தொங்குதியளே. நாக்கு வறண்டு கிடக்கு ஊரு" என்றாள்.

"சொல்லுதவனுக்கு நாக்கு வறளலியே" என்றேன்.

"கரண்டு தானா வந்துட்டு அத்தான்" என்றான் தொபியாஸ், ரொம்பப் பொறுமையாக, காது கேளாதவனுக்குச் சொல்வதுபோல.

மறுநாள் தோண்ட ஆரம்பித்தான். எங்கள் பக்கத்து மணலில் கிணறு தோண்டுவதற்கு முறை இருக்கிறது. சிமெண்டு உறையை முதலில் நிறுத்தி, உறைக்குள் இறங்கி மணலை அள்ள அள்ள, உறை தன் எடையில் தானே இறங்க வேண்டும். உறை ஏற்றிவருகிற வண்டி வரவில்லை. பாதி ஆழத்துக்குச் சும்மா தோண்டிவைப்போம், வண்டி வந்ததும் உறையை இறக்கிக்கொள்வோம் என்று அவனே மண்வெட்டியோடு இறங்கினான். மேலே நின்று கூடையை இழுக்க இரண்டு கூலியாட்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு. பட்டப்பகல். நான் என் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் தலை மறைந்தது, பிறகு குரல் மட்டும் வந்தது. "ஈரம் வந்துட்டு" என்று கீழேயிருந்து கத்தினான். மேலே எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

எனக்கு அப்போதே தெரிந்தது. மேல்மணலுக்குக் கீழே, குழியின் வடக்குப் பக்கத்தில், ஈரமான அடுக்கு ஒன்று நகர ஆரம்பித்திருந்தது. மணிக்கட்டில் நாடி துடிப்பதுபோல, லேசாக, முதலில் ஒரு துடிப்பு, பிறகு இன்னொன்று. அதன்மேல்தான் அந்தப் பக்கத்து மணல் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. அது விழுந்தால் கீழே இருக்கிறவன் நின்றபடியே புதைவான், தோண்டி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. அந்தத் தெருவில் எனக்கு மட்டும் தெரிந்தது.

ரெஜினாள் என்னைப் பார்த்து, "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இதை நான் மறைக்கவில்லை, ஊர்தான் கேட்க மாட்டேன் என்கிறது. நான் ஒண்ணுமில்ல என்று சொன்னேன். நன்றாக யோசித்து, நிதானமாக, தலையால் சொன்னேன். டக் என்று கேட்டதே, அந்தச் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன். விழட்டும் என்று நினைத்தேன். அவன் ஆரஞ்சு உரித்தது, வெளியூர்க்காரர்கள் முன்னால் கையை விரித்துக் காட்டியது, செருப்புக் காலோடு வந்து நின்றது எல்லாம் வரிசையாக வந்தது. விழட்டும், மணலும் தானா வந்துட்டு என்று நானும் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

மணல் விழுந்தது.

நான் நினைத்து முடித்திருக்கவில்லை. அதற்குள் என் தோள் எகிறியது, அறுந்த முழங்கை முன்னால் பாய்ந்தது, நாற்காலி பின்னால் சாய்ந்தது, நான் மணலில் கிடந்தேன். என்ன நடந்தது என்பது எனக்கே பிறகுதான் வந்து சேர்ந்தது, கரைக்கு வெகு தூரத்தில் நடந்த ஒன்றின் சேதி வள்ளம் வள்ளமாகக் கைமாறி வருவதுபோல. எத்தனையோ வருடமாக மூடிக் கிடந்த கை விரிந்திருந்தது. விரிந்து, சரிந்து வந்த மணலுக்குக் குறுக்கே போய், அவனைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவனுடைய விலா எலும்புகள் என் விரல்களில் தெரிந்தன, அவன் நெஞ்சு அடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது. பெண்கள் அலறினார்கள், கூலியாட்கள் எட்டிப் பார்த்தார்கள். குழிக்குள் விழுந்த மணல் அவன் இடுப்புக்கு மேல் ஏறாமல், ஐந்து வரம்பாக, விரல் விரலாக, அவன்மேல் கவிந்து நின்றுகொண்டிருந்ததாம். கயிற்றைப் போட்டு அவனை இழுத்து எடுக்கும்வரைக்கும் நின்றது. அவன் கால் விளிம்பில் ஏறியதும் பொலபொலவென்று விழுந்து குழி தூர்ந்தது.

விடு என்று நான் சொன்னேன். அதுவும் உண்மை. நடந்தது எனக்குத் தெரிந்தவுடன் விடு என்று சொன்னேன். கை கேட்கவில்லை. பங்குச் சாமியாருக்குத் தெரிவதற்குள் கோயில்பிள்ளை மணி அடித்து முடித்துவிட்டார்.

அப்புறம் ஊர் என்னிடம் வந்தது. மணலும் வேர்வையுமாகத் தொபியாஸ் வந்து என் காலில் விழுந்து, பாதத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். தலைமுடியெல்லாம் மணல். "அத்தான், என்ன மன்னிச்சிட்டிய அத்தான், என்ன மன்னிச்சிட்டிய" என்றான். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். தெருவில் எனக்கு எதிராகக் குதிகாலை ஊன்றி நடந்தவர்களும் துடைத்தார்கள்.

"நான் மன்னிக்கல" என்றேன்.

யாகப்பன் என் தோளைத் தட்டினார். "மனசு உள்ளவன் அப்படித்தான்டே சொல்லுவான்."

"கோயில்பிள்ள, நான் விழட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கை தானா செஞ்சுது. டாக்டரு சொன்னாங்க, ரெஜினா, நீயும் கேட்டியே, மூளைக்குப் பொறவுதான் தெரியும்னு."

ரெஜினாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "தலை பொய் சொல்லும், கை சொல்லாது" என்றாள். அவளுக்கு எப்படி விளக்குவது? நான் தலையில் குடியிருக்கிறவன், முதுகெலும்பில் இல்லை. வன்மம் வைத்திருந்தது நான், உழைத்துச் சேர்த்ததுபோல வருடம் வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது நான். என்னைக் கேட்காமல் ஒரு வடம் அதை எடுத்துக் கொடுத்துவிட்டது. கொடுத்தவன் நான் என்று ஊர் கும்பிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் நான் தொபியாஸைத் தனியாகக் கூப்பிட்டேன். கோயில் சுவருக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"மாப்ள, இப்பவாவது சொல்லு. யாருக்கும் தெரியவேண்டாம். சுவிட்ச போட்டது யாரு?"

அவன் என் முகத்தையே பார்த்தான். அவன் உதடு பிரிந்தது. அந்த ஒரு வரி தொண்டைவரைக்கும் வந்ததை நான் பார்த்தேன், பார்த்தேன் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன். பிறகு அவன் கண் நிறைந்தது, சிரித்தான், என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே அதெல்லாம் எதுக்கு அத்தான். அதான் எல்லாத்தையும் விட்டுட்டியளே."

அதோடு முடிந்தது. கடன்காரனைக் கேட்கலாம், குற்றவாளியைக் கேட்கலாம். ஊர் பார்க்க மன்னிப்பு வாங்கினவனை எந்த வாயால் கேட்பது?

உறைவண்டி வந்தது, முறைப்படி கிணற்றை இறக்கினார்கள். தண்ணீர் இனிப்பாக வந்தது. எங்கள் கடற்கரையில் எங்கேயும் இல்லாத தண்ணீர் என்று அடுத்த ஊரிலிருந்தெல்லாம் குடத்தோடு வருகிறார்கள். இஞ்ஞாசி கிணறு என்று பேர். வாளி விழுவதும் கயிறு உரசுவதும் எனக்கு நாளெல்லாம் தெரிகிறது. முன்னைப்போல வலி இல்லை. கை விரிந்த அன்றோடு வலி போய்விட்டது. நகம் இறங்கிய இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் மணல். டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, பதில் சேதி வந்துவிட்டதால் மூளை உத்தரவை நிறுத்திக்கொண்டது என்று சந்தோஷப்பட்டார். பதில் வரவில்லை டாக்டர் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வலி ஒன்றுதான் டக் என்று ஒரு சத்தம் கேட்டதற்கு என்னிடம் இருந்த சாட்சி. இப்போது சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது.

தொபியாஸ் இப்போதும் தினமும் காலையில் புன்னை மரத்தடிக்கு வருகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறான். என் உள்ளங்கையின் நடுவில் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடி என்னவோ ஜெபிக்கிறான். பாதம் இரண்டும் வெதுவெதுப்பாக இருக்கின்றன. அந்த நேரத்துக்கு நான் கட்டிலில் விழித்தபடி கிடந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு இருக்கிற மூளை முழுவதையும் கூட்டி, மூடு என்று சொல்கிறேன். மூடு. மூடு. அவன் ஜெபித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். கை விரிந்தே கிடக்கிறது.